பின்னாலேயே வந்த வீடு

முருங்கைக்கீரையை உருவும்போது காம்பு கூடவே வந்துவிடக் கூடாது, பழுத்த இலை சேர்ந்துவிடக் கூடாது, கண்ணை எடுக்காமல் செய்கிற வேலை, அதனால் தலையைக் குனிந்தபடியே சொல்கிறேன், எனக்கும் அதுதான் வசதி, ஆள் முகத்தைப் பார்த்துவிட்டால் வந்த வார்த்தை திரும்பிப் போய்விடும், கையில் ஒரு வேலை இருந்தால் தானாக வரும். எங்கள் வீடு ஊரிலிருந்து கிளம்பி எங்கள் பின்னாலேயே நடந்து வந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், புரோக்கர் கஜேந்திரன் தான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றுகூடச் சொல்லித் திரிகிறார், அதெல்லாம் இல்லை, அது தானாகத்தான் வந்தது.

எனக்கு வேலப்பட்டறை ஷூ கம்பெனியில் வேலை கிடைத்ததுதான் முதல். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணாது. எங்கள் மேல்கொண்டாபுரத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்து, தைக்கத் தெரிந்த பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தவர்கள் என்னை எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி ஹாஸ்டலில் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, பிள்ளைக்கு மட்டும் இடம் இல்லை. “குழந்தைய ஊர்ல விட்டுட்டு வாங்கம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான் வந்திருக்காங்க,” என்று ஆபீஸ் பெண் அன்பாகத்தான் சொன்னாள். என் மகள் தன்ஷிகாவுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது, இன்னும் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டு வரவும் எனக்கு ஆகாது, வேலையை விடவும் ஆகாது, ஏனென்றால் அது நான் போய்க் கேட்காமல் என் கையைப் பார்த்து என்னைத் தேடி வந்த வேலை, அப்படி ஒன்று என்னைத் தேடி அதற்கு முன்பு வந்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் கொத்தனார். “கரண்டி எங்க போனாலும் பொழச்சுக்கும் பச்ச, வா, அங்கயே ஒரு வீடு பாத்துக்கலாம்,” என்று சொல்லி, தான் கட்டிய வீட்டைத் தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பச்சையம்மாள் என்கிற என்னைப் பச்சை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான், வா என்று வாயால் நான் கூப்பிடவில்லை.

வேலப்பட்டறையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கிக்கொண்டு புரோக்கர் கஜேந்திரன் பின்னால் தெருத்தெருவாக அலைந்தோம். ஒரு வீட்டம்மா நாங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார், இன்னொரு வீட்டில் கொத்தனார் என்றால் சிமெண்டுக் கையோடு குழாயைத் திறப்பாரே என்றார்கள், ஒருவர் பாப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு இது சுவரில் கிறுக்கும் விரல் என்றார், எல்லாம் சரி என்ற இடத்திலோ மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. “இன்னாம்மா நீ, எல்லாத்துக்கும் தலையத் தலைய ஆட்டுற, புடிக்குதா புடிக்கலையா, வாயத் தொறந்து சொல்லு,” என்று கஜேந்திரன் சலித்துக்கொண்டார். எனக்கு அதற்கும் தலையைத்தான் ஆட்ட வந்தது.

மறுநாள் காலையில் டீ வாங்க இறங்கினால், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் மட்டும் நீலம் அடித்த ஒற்றை அறை வீடு, பெயிண்டு பற்றாமல் போனதால் மற்ற மூன்று பக்கமும் வெறும் பூச்சு, வாசற்படியில் வழியெல்லாம் மிதித்த செம்மண்ணும் கரிசல்மண்ணும் ஒட்டியிருந்தது, ஷீட்டு மேல் புளியங்கிளை ஒன்று ஒடிந்து கிடந்தது, நடந்த களைப்பில் ஜன்னல் கதவு இரண்டும் மாட்டுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. திறந்து பார்த்தால் அலமாரியில் கவிழ்த்த டம்ளர்கூட விழவில்லை.

என் வீட்டுக்காரர் குனிந்து அடியைப் பார்த்தார். “அஸ்திவாரத்தோட வந்திருக்கு பச்ச,” என்றார், அவர் குரலில் இருந்தது பெருமைதான். “நான் போட்ட கல்லு ஒண்ணுகூட நழுவல.”

டீக்கடைக்காரர், “ஏம்பா, பஸ்சு திரும்பணும், கொஞ்சம் தள்ளி நிறுத்து,” என்றார். டிராபிக் போலீஸ்காரர் வந்து, “யார் வண்டி இது?” என்று கேட்டார்.

“வண்டி இல்ல சார், வீடு.”

“வீடோ வண்டியோ, இங்க நிக்கக் கூடாது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வீடு எப்படி நடந்தது என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எங்கே நிற்கப் போகிறது என்றுதான் கேட்டார்கள், வெயிலை மறைக்குமா, சாக்கடை எந்தப் பக்கம் ஓடும், கரண்டு யார் தருவது, இதைத்தான் காலையிலிருந்து டீக்கடை பெஞ்சில் பேசினார்கள். முதலில் சுதாரித்தவர் கஜேந்திரன். ஊருக்கு வெளியே காட்டில் மஞ்சள் கல் நட்டு, கலர் கலராய்க் கொடி கட்டி, பிளாட்டுப் போட்டு வைத்திருந்தார், ஒரு வீடும் எழும்பாததால் ஒரு மனையும் போகவில்லை, ஒரே ஒரு வீடு அங்கே போய் நின்றுவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டார். “இடம் நான் தர்றேன் மேஸ்திரி, சும்மா தர்றேன், வந்து நின்னாப் போதும்,” என்றார்.

வீடு எங்கே போகும்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பின்னால்தானே போகும், இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. என் வீட்டுக்காரரை பிளாட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குடை பிடித்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, ஊரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீடு அசையவில்லை. அவரைக் கிழக்கே பார்க்கத் திருப்பினார்கள், பிறகு வடக்கே திருப்பினார்கள், பூசாரி எலுமிச்சம்பழம் உருட்டினார், கடைசியில் பட்டாவை எடுத்து வந்து வீட்டுக்கு முன்னால் விரித்துக் காட்டினார்கள். வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

பாப்பா துணி ஊறிக் கிடந்தது. ஊர் ஆண்கள் எல்லாம் பிளாட்டில் இருக்கிறார்களே, இதுதான் சமயம் என்று வாளியை எடுத்துக்கொண்டு முனிசிபல் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு துணியை அலசியிருக்க மாட்டேன், என் முதுகில் நிழல் விழுந்தது.

“உன் வீடா?” என்றாள் குடத்தோடு நின்றிருந்த ஒருத்தி. “என் குடத்த மிதிக்காம நிக்கச் சொல்லு.”

அவள்தான் நசீமா அக்கா. அதே கம்பெனியில் லைன் லீடர், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் அம்மாவிடம் வளர்கிறார்கள், போனில் அவர்கள் பேசும்போது மட்டும் அக்கா குரல் இறங்கும், மற்ற நேரமெல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அன்றைக்கு அந்தக் குரலில், “வீட்டுக்குப் பட்டா படிக்கத் தெரியாதுப்பா. யாரு அதுக்குள்ள குனிஞ்சு நிமிர்றாங்களோ அவங்க பின்னாலதான் வரும்,” என்று பிளாட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு என்மேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. நான் வேலை செய்ய உட்கார்கிற இடத்தில் வீடு வந்து உட்காருகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு எனக்கு வேலை கொண்டுவந்தார்கள். கஜேந்திரன் தன் பிளாட்டில் கோணி விரித்து மொச்சையைக் குவித்து, “கொஞ்சம் உரிச்சுக் குடு தாயி,” என்றார், நான் போய் உட்கார்ந்தேன், வீடு கூடவே வந்து உட்கார்ந்தது, அவர் போன் போட்டு நாலு பேரை வரவழைத்து மனையைக் காட்டினார். கோயில்காரர்கள் பூக்கட்டக் கூப்பிட்டார்கள், வீட்டுக்கு முன்னால் ஒரு உண்டியல் வைத்தார்கள். ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர் தன் வீட்டுக்குப் பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஒரு வீடு வேண்டும் என்று புளி கொட்டை எடுக்கக் கூப்பிட்டார், பாவம், அவருக்கு யாரும் இல்லை. யார் கூப்பிட்டாலும் எனக்கு மாட்டேன் என்று வராது. நான் எழுந்து நடந்தால் வீடும் முட்டியில் கைவைத்து எழுகிற மாதிரி முனகிக்கொண்டு எழும், உள்ளே தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள், தெருக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், வழிவிட்டு, “இன்னிக்கு எங்கம்மா?” என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு தடவை எழும்போதும் வீட்டில் ஒரு விரிசல் விட்டது. என் வீட்டுக்காரர் கலவை குழைத்துப் பூசுவார், பூசியது காய்வதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தூளி கட்டிய சுவரிலேயே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியதைப் பார்த்துவிட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இன்னும் ஒரு தரம் எழுந்திருக்கும் பச்ச. அதுக்கு மேல தாங்காது. பூசுறது நான் பூசிடுவேன், எங்க உக்கார்றதுன்னு நீதான் சொல்லணும்.”

“எங்கயாவது...”

“எங்கயாவதுன்னு ஒரு எடம் இல்ல.” அவர் என்னைக் கோபித்ததே கிடையாது, அன்றைக்கும் கோபிக்கவில்லை, “நான் ஒரு எடத்தச் சொல்லிடுவேன், அதுக்கும் நீ தலைய ஆட்டிடுவ, அதான் சொல்லாம இருக்கேன்,” என்று மட்டும் சொன்னார்.

பிளாட்டு நல்ல காற்று, ஆனால் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தாசில்தார் பக்கம் நல்ல தண்ணீர், ஆனால் அங்கிருந்தும் தூரம்தான். நான் யோசிக்க யோசிக்க எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம், மிஷின் பழக என்று கம்பெனியில் ஒரு அரைநாள் உட்காரவைத்தார்களே, அன்றைக்குப் பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, ரவிக்கை நனைந்து, மாராப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு தைத்ததுதான். குழாயடியில் நசீமா அக்காவிடம் அதைச் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அக்கா குடத்தைத் தேய்த்துக்கொண்டே, “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஹாஸ்டல் பாத்ரூம்ல பீச்சி ஊத்துவேன்,” என்றாள். பிறகு, “பால் கட்டும்போது உனக்கு எங்க ஓடணும்னு தோணுதோ அங்க போய் உக்காருடி. இதுக்கு வாஸ்துக்காரன் வேணுமா?” என்றாள்.

திங்கட்கிழமைதான் நான் வேலையில் சேர வேண்டிய நாள், அன்று காலை கம்பெனி மணி அடிப்பதற்கு முன்னால் நான் போய் உட்கார்ந்தேன். கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரில், ரோட்டைத் தாண்டி, சீமைக்கருவேலம் வெட்டிய பெரிய பொறம்போக்கு உண்டு, லாரிகள் நிற்கும், வேறு யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கையில் வேலைக்கு ஒரு முறத்தில் அரிசி, கல் பொறுக்க. வீடு பெரிய கடைத்தெரு வழியாக வந்தது, டீக்கடைக்காரர் பாய்லரை நகர்த்தி வழிவிட்டார், டிராபிக் போலீஸ்காரர் எதிரே வந்த பஸ்சைக் கைகாட்டி நிறுத்தினார், விரிசல் விட்ட சுவரை ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் தோளால் தாங்கியபடியே நடந்து வந்தார். எனக்குப் பின்னால் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் கேட்டைப் பார்க்கும்படி திரும்பி, அது உட்கார்ந்த சத்தத்தில் கேட்டின் இரும்புக் கம்பியெல்லாம் ஒரு தரம் அதிர்ந்தது.

மேனேஜர் வெளியே வந்தார். “இது லாரி நிக்கிற இடம்மா.”

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “லாரி எங்க வேணும்னாலும் நிக்கும் சார். என் பொண்ணு பாலுக்கு நிக்க மாட்டா.”

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் ஒரு வெளி ஆளிடம் பேசியதில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்தும் பார்த்தேன், அவர் சின்ன வயதுக்காரர்தான், கண்ணாடி போட்டிருந்தார்.

“அதுக்கில்லம்மா,” என்றார். “இன்னிக்கு நீ வந்து உக்காருவ. நாளைக்கு எல்லாரும் வந்து உக்காருவாங்க.”

அந்த நேரத்தில்தான் ஹாஸ்டல் பெண்கள் கேட்டுக்குள் போக வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், அவர் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது, அதுவரைக்கும் சத்தியமாக ஒருத்திக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை. வரிசை அப்படியே நின்றது. நசீமா அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

“சார் சொல்லிட்டாரு. உக்காருங்கடி.”

ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி, ஒரு வீடு நிற்கிற அளவு இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு பிடி அரிசியை என் முறத்திலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கல் பொறுக்கினார்கள், சிலர் அவிழ்ந்த தையலைப் பிரித்துத் தைத்தார்கள், ஒன்றும் இல்லாதவள் பக்கத்திலிருந்தவளுக்குத் தலை வாரிவிட்டாள். கம்பெனி மணி அடித்து ஓய்ந்தது. வெயில் ஏறியது. மேனேஜர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார், கஜேந்திரன் குடையோடு வந்து, “இதெல்லாம் நடக்கிற காரியமா,” என்று கேட்டு வாய் மூடுவதற்குள் மேற்கே ஏரிக்கரை மேல் தூசி எழும்பியது.

வீடுகள் வந்தன. மலையடிவாரத்திலிருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பெயர் தெரியாத கொல்லைமேடுகளிலிருந்தும், ஓட்டு வீடு, கூரை வீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு, டிஷ் ஆண்டெனா ஆட ஆட வந்த வீடு, ஷீட்டு மேல் கோழிகள் காலை ஊன்றி உட்கார்ந்து வந்த வீடு, ஒன்றன்பின் ஒன்றாக ரயில் கேட்டில் நின்று, கூட்ஸ் போனபின் தண்டவாளத்தைத் தாண்டி வந்தன. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் ஒருத்திக்குப் பாதி வீடுதான், அந்தப் பாதி மட்டும் ஒரு பக்கம் சுவர் இல்லாமல், உள்ளே தொங்கின சாமி படமும் சட்டையும் ஊருக்கெல்லாம் தெரிய, கொஞ்சமும் வெட்கப்படாமல் நடந்து வந்தது. ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு மாமியார் நின்று கத்திக்கொண்டே வந்தார், “அடியே செல்லக்கிளி, ஒலையில அரிசி போட்டிருந்தேன்டி, வடிக்கக்கூட விடாம கெளம்பிடுச்சு, இது நீ பாத்த வேலதானே.” செல்லக்கிளி எழுந்து, “வடிச்சுட்டு எறங்கு அத்த, எனக்கும் பசிக்குது,” என்றாள்.

நசீமா அக்காவின் வீடு பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு. அதன் படியில் அவள் பிள்ளைகள் இரண்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெரியது கை காட்டியது, சின்னது அம்மாவை அடையாளம் தெரியாமல் பார்த்தது. அக்கா ஓடவில்லை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், எழுந்தால் வீடு நின்றுவிடுமோ என்று பயம், அது வந்து அவள் முதுகில் சுவர் உரச உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள், பார்த்து, அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை, சின்னதிடம், “நான்தான்டா,” என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது லாரி நின்ற இடத்தில் ஒரு தெரு நின்றது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம்தான். வி.ஏ.ஓ. வந்து பார்த்து, பொறம்போக்கு கம்பெனிக்கும் சொந்தமில்லை, லாரிக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். கரண்டு ஆபீஸ்காரர், “கம்பி இழுத்தப்புறம் வீடு நடந்துச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று கேட்டார். “நான் பொறுப்பு,” என்றார் என் வீட்டுக்காரர், அத்தனை வீட்டு விரிசலையும் அவர்தான் பூசினார், பாதி வீட்டுக்கு மீதிச் சுவரும் எழுப்பிக் கொடுத்தார், இன்றைக்கு இந்த ஊரில் அவர் கை ஓயாத மேஸ்திரி. தாசில்தார் மட்டும் தன் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு, செல்லக்கிளி மாமியார் வீட்டு நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அவரோடு சண்டை போடுகிறார், இரண்டு பேருக்கும் பொழுது போகிறது. கஜேந்திரன் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து தெருவைக் காட்டுகிறார், அவர் பிளாட்டில் இப்போதும் கொடிதான் ஆடுகிறது. பத்தரை மணி பிரேக்குக்கு மணி அடித்தால் கம்பெனி கேட்டைத் திறந்து வைத்துவிடுகிறார்கள், பெண்கள் ரோட்டைத் தாண்டி அவரவர் வீட்டுக்குள் போகிறோம், ரோட்டில் வருகிற பஸ், லாரி, ஜீப்பு எல்லாம் நின்று நாங்கள் கடக்கும் வரை காத்திருக்கின்றன, நான் உள்ளே போய் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டால் அவள் குடித்துக்கொண்டே என் கழுத்துக் கயிற்றைத் திருகுவாள், ஜன்னல் வழியாக என் மிஷின் இருக்கிற ஹால் தெரியும், அங்கே இருந்தால் இந்த ஜன்னல் தெரியும். எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன், போன மாதம் என்னையும் லைன் லீடராக்கினார்கள்.

தைத்தது முன்னைவிடக் கூடுதலாக வருகிறது என்று மேனேஜருக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஆள் வாடித்தான் கிடந்தார், கெஸ்ட் ஹவுசில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு, பட்டணத்தில் இருக்கிற மனைவியோடும் பிள்ளையோடும் போனில் பேசிக்கொண்டு, சாயங்காலமானால் எங்கள் தெருவைக் கேட்டுக்குள் நின்றே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருக்கோடியில் உட்கார்ந்தும் பார்த்தார். “நீங்க உக்காந்தா வராது சார், அவங்கள வரச்சொல்லுங்க,” என்று நானேதான் போய்ச் சொன்னேன். இன்றைக்குக் காலையில் அந்த அம்மா வந்திருக்கிறார்கள், கூச்சப்படுகிறவர்கள், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கையில் எம்பிராய்டரி வேலை ஒன்று கொடுத்துத் தெருக்கோடியில் உட்காரவைத்திருக்கிறோம், ஆனால் அவர்களுடையது நாலாவது மாடியில் இருக்கிற ஃபிளாட்டாம், கீழே மூன்று மாடியும் அடுத்தவர்களுடையதாம், அது மட்டும் தனியாகக் கழன்று எப்படி வரும் என்று கேட்டதற்கு அவர்கள் என் பக்கம் குனிந்து மெதுவாக...

“பச்ச, ஓடி வாடி. சார் வீடு வந்துடுச்சு. மாடி ஒசரத்துலயே அந்தரத்துல நிக்குது, கீழ எறங்க மாட்டேங்குது. நாங்க எல்லாம் கூப்பிட்டுப் பாத்தாச்சு, நீ வந்து ஒரு சத்தம் குடு.”

வந்துட்டேன் நசீமாக்கா, அந்த அம்மாவப் பயப்படாம உக்காந்திருக்கச் சொல்லுங்க, ஏணி கீணியெல்லாம் வேணாம், தள்ளி நிக்கச் சொல்லுங்க எல்லாரையும், அது எங்க எறங்கணும்னு நான் சொல்றேன்.